கடற்கரை மணலில் ஓடும் ஜீப்புக்கு அடித்தகடு

டென்மார்க்கின் மிக உயரமான இடமான மொல்லஹோய் 171 மீட்டர்கூட இல்லை. பாறை ஏறும் மலைப்பாதை கிடையாது. காட்டுக்குள் மோட்டார் வண்டி ஓட்டவும் பொதுவாக அனுமதியில்லை. பிறகு ஜீப்பின் அடிப்பாகத்தைக் காக்கும் ஸ்கிட் பிளேட் (அடித்தகடு) எதற்கு? மேற்குக் கரைக்குப் போனால் தெரியும். ஃபானோ, ரோமோ தீவுகளில் கடற்கரை மணல்மேலேயே கார் ஓட்டலாம். மாண்டோ தீவுக்குப் போகும் சரளைப் பாதையோ கடல் வற்றும்போதுதான் தலைகாட்டும். தெறிக்கும் கற்கள் ஆயில் சம்பில் அடிக்கும். ஆனால் கல்லைவிடப் பெரிய கேடு உப்பு. குளிர்காலத்தில் சாலைகளிலும் அதையே தூவுகிறார்கள். தகடு மாட்டும்போது இதை மறக்கவே கூடாது.

உங்கள் மாடலுக்கென்றே செய்த தகட்டை வாங்குங்கள். சேசிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளிலேயே அது பொருந்தும். புதிதாகத் துளை போடாதீர்கள், துரு அங்கிருந்துதான் கிளம்பும். இரும்புத் தகடு உறுதியானது, கனமும் அதிகம். பெயின்ட் உரசிப்போன இடத்தில் துரு ஏறும். அலுமினியம் இலகு, ஆனால் அதே வலிமைக்குத் தடிமன் கூடுதலாக வேண்டும். அலுமினியம் இரும்பைத் தொடும் இடத்தில் உப்புநீர் தேங்கினால் அலுமினியம் அரித்துப்போகும். இரண்டும் சேரும் இடங்களில் பெயின்ட்டோ துருத்தடுப்பு மெழுகோ அவசியம்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். சமதளமான கான்கிரீட் தரை, சக்கரத்துக்கு முட்டு, ஹேண்ட்பிரேக். வண்டியைத் தூக்கினால் ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போய் உயிரை விட்டவர்கள் உண்டு. தயவுசெய்து இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கம்பெனி போட்ட பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதும் தகட்டைத் தூக்கி மாட்டிவிடத்தான் கை பரபரக்கும். பொறுங்கள். சேசிஸைக் கழுவி, உலரவிட்டு, துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, மெழுகுப் பூச்சு கொடுங்கள். துருவைத் தகட்டால் மூடினால் அது கண்ணுக்குத் தெரியாமல் வளரும். டென்மார்க்கில் புதிய காருக்கு 4 ஆண்டில் முதல் தகுதிச் சோதனை, பிறகு 2 ஆண்டுக்கு ஒருமுறை. சேசிஸ் அரித்திருந்தால் அங்கே தேறாது.

தகட்டை ஒருவர் தாங்கிப் பிடிக்க, எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையாலேயே சில சுற்று ஏற்றுங்கள். ஒன்றை மட்டும் முழுக்க இறுக்கினால் மற்ற துளைகள் நேராக அமையாது. கடைசியில் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். தகடு சைலன்சர் குழாயையோ ஸ்டீயரிங் பாகங்களையோ தொடக் கூடாது. ஆயில் மாற்றும் துளைக்கு வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.

கடற்கரையில் ஓட்டிவிட்டு வந்த அன்றே, அடிப்பாகம் கழுவும் வசதியுள்ள வாஷிங் நிலையத்தில் தகட்டின் மேற்பக்க மணலை நல்ல தண்ணீரால் அடித்து வெளியேற்றுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலத்துக்கு முன்பு, தகட்டைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.