வந்தானா, வந்ததா? அரக்கர் கையேடுகளும் திணைப் பிரச்சினையும்

1

அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். பலகை கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து 'கதவைத் திறக்கிறேன்', 'கத்தியை உருவுறேன்' என்பார்கள். நினைத்தது நடந்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஒருநாள் கதைசொல்லிக்குக் காய்ச்சல். 'மாமா, நீங்கதான் எழுதுறவராச்சே, இன்னிக்கு நீங்க சொல்லுங்க' என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

கையில் பழைய ஆங்கிலக் கையேடு ஒன்றின் நகல். 'குகைக்குள்ளேருந்து ஒரு ஓர்க் வெளிய வந்து...' என்று ஆரம்பித்தவன் நின்றுவிட்டேன். வந்து நின்னானா, நின்னுச்சா? தமிழ் வினைமுற்று இந்த இடத்தில் யாரையும் தப்பவிடாது. பையன்களில் ஒருவன் உதவிக்கு வந்தான்: 'நின்னுச்சு மாமா. அது மான்ஸ்டர்தானே?' சரியென்று அப்படியே சொன்னேன். சண்டை நடந்தது. ஓர்க்குகள் செத்தன. கையேட்டில் அடுத்த வரியைப் பார்த்தேன். வசிப்பிடத்தில் ஆண்களில் பாதி எண்ணிக்கையில் பெண்களும், ஆண்களுக்குச் சமமான எண்ணிக்கையில் சண்டையிடாத குழந்தைகளும் இருக்கும் என்று போட்டிருந்தது. 'உள்ள பொம்பளைங்களும் புள்ளைங்களும் உக்காந்திருக்காங்க' என்றேன். அந்த 'காங்க' யோசிக்காமல் வந்தது. கொஞ்ச நேரம் ஒருவனும் பகடையைத் தொடவில்லை. 'அப்ப இவங்களையும் கொல்லணுமா மாமா?'

ஒரு விகுதி மாறியதும் விளையாட்டு ஏன் நின்றுபோனது என்பதை எனக்கே விளக்கிக்கொள்ளும் முயற்சிதான் இந்தக் கட்டுரை.

2

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூர். அங்கிருந்து 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. ஒரு பெட்டி, அதில் மூன்று சிறு ஏடுகள். இரண்டாவது ஏட்டின் தலைப்பே 'அரக்கர்களும் புதையலும்'தான். இந்த இணைப்பு தற்செயலானதல்ல. அரக்கர் என்றால் புதையல்மேல் உட்கார்ந்திருப்பவர், அவரை அப்புறப்படுத்தினால் பொருள் நமக்கு என்கிற கதையாடலின் இலக்கணம் அந்தத் தலைப்பிலேயே அடங்கிவிடுகிறது.

அடுத்த ஆண்டிலிருந்து துணையேடுகள் வரத்தொடங்கின. 1975-இன் 'கிரேஹாக்' ஏடு புதிய அரக்கர்களைக் கொண்டுவந்தது. 1977-இல் கெட்டி அட்டையில், அரக்கர்களுக்கென்றே 112 பக்கங்களில் 'மான்ஸ்டர் மேனுவல்' வெளியானது. 350-க்கும் மேற்பட்ட உருக்கள், அகரவரிசையில். 1981-இல் 'ஃபீண்ட் ஃபோலியோ', 1983-இல் மேனுவலின் இரண்டாம் பாகம். 1989-இல் வேண்டியபோது தாள்களைச் செருகிக்கொள்ளும் கோப்பாகவே விற்றார்கள். தாளின் முன்பக்கம் ஒரு அரக்கர், பின்பக்கம் இன்னொருவர் என்று அச்சிட்டதால் புதுத்தாள் சேர்ந்தபோதெல்லாம் அகரவரிசை குலைந்தது. 1993-இல் மறுபடி தைத்த புத்தகத்துக்கே திரும்பினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வேண்டிய அரக்கரைக் கதைசொல்லியே கற்பித்துக்கொள்ளலாம் என்பதற்கு முதல் விதிகளிலேயே இடமிருந்தது. அப்படியானால் துணையேடு எதற்கு? தெரிதா பேசும் 'பிற்சேர்க்கை' போலத்தான் இது. கூடுதலாக வந்து ஒட்டிக்கொள்வது, மூலத்தில் ஏதோ குறை இருந்தது என்று காட்டி, கடைசியில் மூலத்தின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. 'என்ன வரும்' என்ற பயம் போய், 'எந்தப் பக்கத்தில் இருக்கிறது' என்ற தேடல் வந்துவிட்டது.

இந்த ஏடுகளின் ஒரு பதிவு எப்படி இருக்கும்? பெயர். அடுத்து ஒரு படிவம்: எவ்வளவு அரிது, எத்தனை பேர் ஒன்றாக வருவர், கவசத்தின் மதிப்பு, வேகம், உயிர்ப் பகடை, வசிப்பிடத்தில் அகப்படும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு, புதையல் வகை, தாக்கும் விதம், அறிவு, ஒழுக்கச் சார்பு, உருவ அளவு. 1977-இன் ஓர்க்: 30 முதல் 300 பேர், உயிருக்கு ஒரு பகடை, வசிப்பிடத்தில் அகப்பட 35 விழுக்காடு, சார்பு 'ஒழுங்குள்ள தீமை'. 1979-இல் வந்த கதைசொல்லிக் கையேடு விலையையும் நிர்ணயித்தது. ஒரு ஓர்க்கை வீழ்த்தினால் பத்துப் புள்ளி, கூடவே அதன் உயிர்ப்புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒன்று.

கவசமும் வேகமும் சண்டைக்கு வேண்டிய தகவல்கள். ஒழுக்கச் சார்பு அப்படிப்பட்டதல்ல, அது தீர்ப்பு. அளவுகளின் வரிசையில் கூடவே நிற்பதால் தீர்ப்பும் ஒரு அளவுபோலத் தோற்றம் கொள்கிறது. ஆறடி உயரம், ஒன்பது அங்குல வேகம், தீமை. படிவத்தின் வன்முறை இங்கேதான் இருக்கிறது. திட்டுவதில்லை. கட்டத்தை நிரப்புகிறது, அவ்வளவுதான்.

அதே புத்தகத்தில் 'மனிதர்' என்றும் ஒரு பதிவு உண்டு. அதனடியில் யார் யார்? கொள்ளையர், கடற்கொள்ளையர், வணிகர், யாத்திரிகர். கூடவே நாடோடிகள், பழங்குடிகள், தர்வேஷ்கள். வீட்டை விட்டுப் புறப்பட்ட வீரன் வழியில் எதிர்ப்படுகிற எல்லாரையும் ஒரே புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற வசதிக்காகச் செய்ததுதான். கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. வசதி யாருடையது என்பதுதான் கேள்வி.

3

இந்த ஏட்டில் நமக்குத் தெரிந்த ஒருவரும் இருக்கிறார்: ராட்சசர். முதலில் இந்தியாவில் அறியப்பட்டவர் என்று ஏடே அறிமுகம் செய்கிறது. படத்தில் புலித்தலை, மேல்நாட்டுக் கோட்டு, கையில் புகைக்குழாய். நம்பிக்கைக்குரியவரின் உருவில் வந்து ஏமாற்றுவார், மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் சாவார். வால்மீகியிலும் கம்பனிலும் குறுக்குவில்லைத் தேடிப் பயனில்லை. 1974-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'கோல்சாக்' என்ற தொடரின் ஒரு பகுதியில் ராட்சசன் வந்தான். வேண்டியவர் உருவில் வருவதும் மந்திரித்த குறுக்குவில்லும் அந்தப் பகுதியில் இருக்கின்றன.

உருமாற்றம் குறித்து எனக்குப் புகாரில்லை. கதைகள் ஊர்விட்டு ஊர் போகும், போனால் சட்டை மாற்றும். புகார் வேறு. இலங்கையில் வீடணன் உண்டு, மண்டோதரி உண்டு, கும்பகருணன் உண்டு. அரக்கர் குலத்துக்குள்ளேயே தர்மம்பற்றிய வழக்கு நடக்கிறது. கையேட்டில் குலம் முழுமைக்கும் ஒரே சார்பு. நம் காவியங்கள் அரக்கரைக் கொன்றன, ஆனால் அவரை அஃறிணையாக்கவில்லை. இராவணன் 'வந்தான்', 'பேசினான்', 'வீழ்ந்தான்'. நன்னூல் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில்தான் வைத்தது. 'வந்தான்' என்ற விகுதி இருந்ததால்தான் எதிர்வழக்குக்கும் இடம் இருந்தது. புலவர் குழந்தை 1946-இல் 'இராவண காவியம்' எழுத முடிந்தது. 1948-இல் அதைத் தடைசெய்த அரசுக்கும் அந்த வழக்கின் வலு தெரிந்திருந்தது. 1971-இல்தான் தடை நீங்கியது. 'வந்தது' என்று சொல்லப்பட்டவனுக்கு யார் காவியம் எழுதுவார்?

அதற்காக நம் கை சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. இந்த ஏடுகளைப் புரட்டும்போது எனக்கு நினைவுக்கு வந்தது எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்'. அதுவும் அகரவரிசை. அதுவும் பெயர், வசிப்பிடம், பழக்கம், உடலளவு. கைகாக்ஸ் அதைப் பார்த்து எழுதினார் என்று சொல்லவரவில்லை. மனிதக் கூட்டங்களைப் பதிவுகளாக நறுக்கி அடுக்கும் வடிவம் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறது என்கிறேன். 1871-இல் வந்து, 1911-இன் திருத்தச் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கும் விரிந்த குற்றப் பரம்பரைச் சட்டம் செய்தது என்ன? ஒரு குலத்தில் பிறந்த குழந்தையின் ஒழுக்கச் சார்புக் கட்டத்தை அது பிறக்குமுன்பே நிரப்பி வைத்தது. அங்கே பகடையும் கிடையாது.

4

இன்னொரு பக்கமும் உண்டு: இந்த உருக்கள் யாருடையவை?

'ரஸ்ட் மான்ஸ்டர்' என்று ஒன்று. ஆளைக் கடிக்காது. தொட்டால் வீரனின் வாளும் கவசமும் துருப்பிடித்து உதிரும். உயிருக்கு அஞ்சாத ஆட்டக்காரன் சொத்துக்கு அஞ்சுவான் என்பதைக் கண்டுபிடித்த உரு இது. அதன் உடல் எங்கிருந்து வந்தது? ஹாங்காங்கில் செய்து அமெரிக்கக் கடைகளில் மலிவாக விற்ற பிளாஸ்டிக் விலங்குப் பொம்மைப் பையிலிருந்து. ஆந்தைக்கரடியும் அதே பைதான். கைகாக்ஸே இதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பொம்மைக்கு அச்சு வார்த்த கை எவருடையதோ, எந்த ஏட்டிலும் பெயரில்லை.

'கித்யாங்கி' என்ற பெயர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 1977 நாவலில் உள்ளது. அதை எடுத்து ஒரு இனத்தையே கற்பித்து 'ஒயிட் டுவார்ஃப்' பத்திரிகைக்கு எழுதியவர் சார்ல்ஸ் ஸ்ட்ராஸ் என்ற இளம் வாசகர், பின்னாளில் நாவலாசிரியர். பத்திரிகையில் வாசகர்கள் எழுதிய உருக்களைப் பெருமளவு திரட்டித்தான் 'ஃபீண்ட் ஃபோலியோ' வந்தது. அட்டையிலேயே கித்யாங்கி. 1997-இல் விளையாட்டு விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்துக்குக் கைமாறியது. 1999-இல் அந்த நிறுவனத்தை ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2000-இல் விதிகளை மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று உரிமம் வெளியிட்டபோது, சில உருக்களை மட்டும் 'எங்கள் சொத்து' என்று ஒதுக்கிக்கொண்டார்கள். அந்தப் பட்டியலில் கித்யாங்கியும் இருந்தது. அதற்கு முன்பு, 1970-களில், டோல்கீன் நூல்களின் உரிமைதாரர் தரப்பு எதிர்த்ததால் 'ஹாபிட்' என்ற பெயரை நீக்கி 'ஹாஃப்லிங்' ஆக்கிய சரித்திரமும் இதே விளையாட்டுக்கு உண்டு. இரவலில் வளர்ந்த வீடு வேலி போட்டுக்கொண்டது. 2023 ஜனவரியில் அந்த உரிமத்தை இறுக்க முயன்றபோது ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதித்தொகுப்பைப் பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் விட்டது. சேர்ந்து கத்தினால் காது கேட்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

5

ஒழுக்கச் சார்பு பற்றியும் கத்தினார்கள். 2020 ஜூனில், ஓர்க்கையும் டிரௌவையும் பிறவித் தீமையாகக் காட்டமாட்டோம் என்று நிறுவனம் அறிவித்தது. 2022-இல் ஹடோசீ என்ற குரங்கு இனத்துக்கு எழுதிய அடிமை வரலாறு கறுப்பின மக்களை இழிவுபடுத்துவதாக எதிர்ப்பு வந்து, மன்னிப்புக் கேட்டு நீக்கினார்கள். 2025-இன் 'மான்ஸ்டர் மேனுவ'லில் ஓர்க்குக்குத் தனிப் பதிவே இல்லை.

'எல்லாத்துலயும் அரசியலைக் கொண்டாந்துடுவீங்க, விளையாடவாவது விடுங்க சார்' என்றார் ஒரு நண்பர். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பத்தடி நடைவழியை அடைத்துக்கொண்டு வரும் பத்தடிக் கனசதுரக் கூழ் ஒன்று இந்த ஏடுகளில் உண்டு. அதை வெட்டுவதில் எனக்கு ஒரு மனத்தடையும் இல்லை. பயப்படவும், ஓடவும், வெல்லவும் அஃறிணை நிறையவே இருக்கிறது. மொழி, வீடு, குழந்தை எல்லாம் கொடுத்துவிட்டு அதன்மேல் 'வந்தது' என்று எழுதும்போதுதான் இடறுகிறது. பதிவை நீக்கிவிட்டதாலும் தீர்ந்துவிடவில்லை. யார் கட்டத்தை நிரப்புகிறார்கள் என்பது பக்கத்தை எடுத்தாலும் மிச்சமிருக்கும்.

அன்று மாடியில் பையன்கள் குழந்தைகளைக் கொல்லவில்லை. வாளைக் கீழே வைத்துவிட்டுப் பேசிப்பார்க்கலாம் என்றார்கள். பேசுவதற்குக் கையேட்டில் படிவம் இல்லை. நானாகச் சொல்லவேண்டியிருந்தது. மோசமாகத்தான் சொன்னேன். ஆனாலும் இருட்டும்வரை ஒருவனும் எழுந்து போகவில்லை.

கீழே இறங்கி வந்தபோது வாசலில் யாரோ இரண்டு பெரியவர்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தெருக்கோடிக் குடிசைகளைப் பற்றிய பேச்சு. 'அதுங்க எப்பவும் அப்படித்தான் சார்' என்றார் ஒருவர். குழந்தைகளைக் கொஞ்சும்போதும் நாம் 'அதுங்க' என்போம். இது அந்த 'அதுங்க' இல்லை.

நான் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். எழுதுகிறவன் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன்: 'அதுங்க' இல்ல சார், 'அவங்க'.