வென்றவனுக்கும் செலவுண்டு

மருதமுனையில் நூல் வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் சென்ற மாதம் நம் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்தார். நெசவாளர் ஒருவருக்குக் கடனாகக் கொடுத்த நூலுக்கு நாற்பதினாயிரம் ரூபா வரவேண்டுமாம். "சேர், வழக்குப் போட்டு வென்றால் சட்டத்தரணிக்குக் கொடுத்த காசும் சேர்ந்து வந்துவிடும்தானே?" என்று கேட்டார்.

"முழுவதும் வராது காக்கா" என்றோம். அவர் முகம் வாடிற்று.

தோற்றவரே செலவைக் கொடுக்கவேண்டும் என்பது இங்கிலாந்து மரபு. அமெரிக்காவிலோ பொதுவாக இரு தரப்பினரும் தத்தம் சட்டத்தரணிக்குத் தாமே கொடுப்பர். நமது நாட்டின் 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை முன்னதையே தழுவியது. ஆயினும் "செலவுடன் தீர்ப்பு" என்று நீதிபதி கூறும்போது அது எந்தச் செலவு? வழக்கின் பெறுமதிக்கேற்பச் சட்ட அட்டவணை அனுமதிக்கும் தொகையையே நீதிமன்றப் பதிவாளர் கணக்கிடுவார். சட்டத்தரணியுடன் நாம் தனியே பேசிக்கொண்ட கட்டணம் அதனை மிஞ்சினால், மிஞ்சியது நம் தலையிலேதான். கல்முனைக்குப் போய்வந்த நாள்களில் கடை பூட்டிக் கிடந்த நட்டத்தை எந்தப் பதிவாளர் கணக்கெடுப்பார்? போதாக்குறைக்கு, தீர்ப்பை நிறைவேற்றும் செலவையும் முதலில் வழக்காளியே கட்டவேண்டும். எதிராளியிடம் பறிமுதல் செய்யத்தக்க பொருள் இல்லையேல் தீர்ப்பு வெறுங் காகிதமாய்ப் போய்விடும்.

இன்னொன்றையும் அவரிடம் கூறினோம். கொப்பியில் எழுதி வைத்த கடைக் கடனுக்கு 1871ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் ஓராண்டு மட்டுமே. எழுத்து மூலமான உடன்படிக்கைக்கு ஆறாண்டு உண்டு. தவணை கடந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. நல்லவேளை!

இத்தகைய சிறு கடன்கள் நேரே நீதிமன்றம் ஏறவும் முடியாது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டப்படி, இணக்கம் ஏற்படவில்லை என்னும் சான்றிதழ் முதலில் வேண்டும். அன்று 25,000 ரூபாவாக இருந்த எல்லையை 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 5 இலட்சமாக உயர்த்தியது. சபையிலே கட்டணம் இல்லை. சட்டத்தரணி தோன்றி வாதிடவும் இடமில்லை. பெரும்பாலும் வார இறுதியில், பாடசாலை மண்டபத்திலேயே கூடும். பிள்ளைகளின் வாங்குகளில் கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் அருகருகே அமர்ந்திருப்பதை நாம் கண்டதுண்டு. சபையார் தீர்ப்புக் கூறுவதில்லை, பேசவைப்பார்கள், அவ்வளவே. அங்கு வந்து மௌனம் சாதிப்பவரை யாரும் ஒன்றும் செய்ய இயலாது என்பது இம்முறையின் குறைதான்.

பெரியவர் மனமின்றியே போனார். இரண்டாம் அமர்வில்தான் நெசவாளர் வாய் திறந்தாராம். சாரங்கள் விற்காமல் தேங்கிக் கிடக்கின்றன, முகம் பார்க்க வெட்கப்பட்டே கடைப் பக்கம் வராதிருந்தேன் என்றாராம். மாதம் நாலாயிரம் என்று இணங்கிக் கையொப்பமிட்டார்கள். முதல் தவணை காசாக வந்தது. இரண்டாவதற்குப் பாதி காசும் பாதி சாரமும் வந்தன. பெரியவர் அவற்றைக் கடையிலே தொங்கவிட்டிருக்கிறார். நாமும் ஒன்று வாங்கினோம்.