கடைக் கம்ப்யூட்டரும் வைஃபை பட்டியலும்: வணிகர்கள் அறிய வேண்டியவை



2024-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய பத்து நாட்கள் எங்கள் மொத்தக் கடையில் பெரிய தொல்லையாகப் போயின. கிடங்கை ஒட்டியுள்ள பில் மேஜையில் கம்ப்யூட்டர் நின்று நின்று ஓடியது. பில் போடும் பெண் சரக்கின் எண்ணைத் தட்டுவார். மூன்று நான்கு விநாடி ஒன்றும் வராது. பிறகு தானாக வரும். ஒரு பில்லில் நாற்பது ஐம்பது இனங்கள் இருக்கும் நம் வியாபாரத்தில், இனத்துக்கு மூன்று விநாடி என்றால் வரிசை எவ்வளவு நீளும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. கிராமத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் சிட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள்.

"என்னம்மா, சீசன் நேரத்தில் கை இவ்வளவு மெதுவாக ஓடுகிறதே?" என்று வாடிக்கையாளர்கள் முன்னிலையிலேயே கடிந்துகொண்டோம். "நான் தட்டிட்டேன் அண்ணாச்சி, அதுதான் வரமாட்டேங்குது" என்றார். எட்டு வருடமாக எங்களிடம் வேலை பார்ப்பவர். அன்று நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பண்டிகை முடிந்த பிறகு விவரம் தெரிந்த ஒரு தம்பியை அழைத்துக் காட்டினோம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு அவர் சொன்ன காரணம் எங்களுக்குப் புதியது. உறுப்பினர்களுக்கும் பயன்படும் என்று கருதி அதை இங்கே எழுதுகிறோம்.

சிலேட்டுப் பலகை ஏற்பாடு

விஷயத்துக்குப் போகுமுன் ஒரு பழைய நினைவு. 1980-களின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் பருப்பு, மிளகாய் வியாபாரம் செய்த கடைகள் நான்கு. நான்கு பேரும் காலையில் தனித்தனியே விருதுநகருக்கு ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்போம். நால்வர் கேட்பதும் ஒரே விலையைத்தான். ஆனால் நான்கு கால் கட்டணம். நான்கு கடையிலும் காலை வியாபாரம் கெட்டது. பிறகு பெரியவர்கள் கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்தார்கள். தினம் ஒரு கடை கேட்பது. கேட்ட விலையை வாசலில் சிலேட்டுப் பலகையில் எழுதி வைப்பது. மற்ற மூவரும் பார்த்துக்கொள்வது.

இந்த ஏற்பாட்டில் இரண்டு சங்கடங்கள் வந்தன. காலையில் எழுதிய விலையை மாலையில் பார்த்துச் சரக்கு பேசி நஷ்டப்பட்டவர் உண்டு. அதனால் விலைக்குப் பக்கத்தில் மணியும் எழுதினோம். இரண்டாவது, பலகை வாசலில் இருந்ததால் போகிற வருகிற தரகர்களும் படித்துவிட்டு, நாங்கள் எந்தச் சரக்கு எடுக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே ஊகித்தார்கள். அதனால் பலகையைக் கடைக்கு உள்ளே மாற்றினோம்.

யார் போய்க் கேட்பது, எழுதி எவ்வளவு நேரமாயிற்று, யார் படிக்கலாம் என்ற இந்த மூன்று கேள்விகளும் இன்று நம் கம்ப்யூட்டருக்குள் அப்படியே இருக்கின்றன.

கம்ப்யூட்டர் எப்படித் தேடுகிறது?

வைஃபை ரவுட்டர் ஒவ்வொன்றும் விநாடிக்குச் சுமார் 10 முறை தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பெயரோடு, அந்த ரவுட்டருக்கென்று உள்ள 12 இலக்க அடையாள எண்ணும் போகிறது. ஒரு ரவுட்டரின் எண் இன்னொன்றுக்கு இராது. நம் லாரியின் பதிவெண் மாதிரி.

ரவுட்டர்கள் எல்லாம் ஒரே சேனலில் பேசுவதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் நம் நாட்டில் 13 சேனல்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இன்னும் அதிகம். அருகில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுக்க வேண்டுமானால், கம்ப்யூட்டரில் உள்ள வைஃபை கார்டு ஒவ்வொரு சேனலாகப் போய்க் காது கொடுத்துவிட்டு வர வேண்டும். இதைத்தான் ஸ்கேன் என்கிறார்கள். ஒரு முழு ஸ்கேனை 4 விநாடிக்குள் முடித்துவிட வேண்டும் என்பது கார்டு தயாரிப்பாளர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்துள்ள விதி.

இங்கேதான் சிக்கல். கார்டு மற்ற சேனல்களைச் சுற்றி வரும் நேரத்தில் தன் சொந்த சேனலில் இருக்க முடியாது. "நான் சற்று ஓய்வில் இருக்கிறேன், எனக்கு வருவதை வைத்திருங்கள்" என்று ரவுட்டரிடம் சொல்லிவிட்டுப் போகிறது. கடைப் பையன் மண்டிக்குப் போயிருக்கும்போது கல்லாவில் ஆள் இல்லாத மாதிரி. பார்சல் தொலைந்து போகாது, தாமதமாக வரும்.

எங்கள் பில் மேஜைக் கம்ப்யூட்டர், தெருவுக்கு அந்தப் பக்கம் உள்ள முன் கடையின் மெயின் கம்ப்யூட்டரோடு வைஃபை வழியாகத்தான் பேசுகிறது. அதில் இரண்டு புரோகிராம்கள் எங்களுக்குத் தெரியாமல் வேலை செய்துகொண்டிருந்தன. ஒன்று, முன்பு ரிப்பேருக்கு வந்தவர் சிக்னல் அளக்கப் போட்டுவிட்டு எடுக்காமல் போன மீட்டர். 10 விநாடிக்கு ஒருமுறை புதிதாக ஸ்கேன் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தது. இன்னொன்று, லேபிள் பிரிண்டருடன் வந்த துணைப் புரோகிராம். அதுவும் தன் பங்குக்கு நிமிடத்துக்கு ஒருமுறை பிரிண்டரைத் தேடியது. ஒரே பட்டியலுக்கு இரண்டு பேர் மாறி மாறி ஆள் அனுப்பினார்கள். இடையில் பில் நின்றது.

மீட்டரை எடுத்தோம். பிரிண்டருக்குக் கம்பி போட்டோம். அன்றே தொல்லை தீர்ந்தது. மறுநாள் காலை, வேலையாட்கள் எல்லாரும் இருக்கும்போதே, தவறு எங்களுடையது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னோம். போன வாடிக்கையாளர் இருவரில் ஒருவர் திரும்பி வந்தார்.

பலகை இருக்கிறது, பார்ப்பார் இல்லை

வேடிக்கை என்னவென்றால், சிலேட்டுப் பலகை விண்டோஸில் ஏற்கெனவே இருக்கிறது. கடைசியாக எடுத்த பட்டியலை விண்டோஸ் கையில் வைத்திருக்கிறது. எந்தப் புரோகிராமும் அதை வாங்கிப் பார்க்கலாம். அதற்கு ஸ்கேன் தேவையில்லை. ஒரு புரோகிராம் கேட்டு ஸ்கேன் நடந்தால், சொல்லி வைத்த மற்ற புரோகிராம்களுக்கும் "ஸ்கேன் முடிந்தது" என்று தகவல் போகும். லினக்ஸிலும் இதே முறை. ஒருவர் கேட்டு எடுத்த பட்டியல் எல்லாருக்கும் பொது. தயாரானதும் காத்திருக்கும் எல்லாருக்கும் செய்தி போகும். கடைசியாகக் கண்டு 30 விநாடி கடந்த பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். நாங்கள் விலைக்குப் பக்கத்தில் மணி எழுதியதன் காரணமும் அதுதானே!

ஏற்பாடு இருந்தும், புரோகிராம் எழுதுகிறவர்கள் சிலர் "நமக்குப் புதுப் பட்டியல்தான் வேண்டும்" என்று ஒவ்வொரு முறையும் ஆள் அனுப்புகிறார்கள். கைப்பேசியில் இதைக் கட்டாயமாகவே கட்டுப்படுத்திவிட்டார்கள். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9-லிருந்து, திரையில் திறந்திருக்கும் ஆப் 2 நிமிடத்துக்கு 4 முறைதான் ஸ்கேன் கேட்கலாம். பின்னணியில் ஓடும் ஆப்கள் அனைத்துக்கும் சேர்த்து 30 நிமிடத்துக்கு ஒரே முறை. மற்றபடி இருக்கும் பட்டியலைப் பகிர்ந்துகொள்ள வேண்டியதுதான். பேட்டரி மிச்சமாவது கைமேல் பலன்.

தரகர் கண்ணில் படும் பலகை

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. பட்டியலை யார் படிக்கலாம்?

"பக்கத்துக் கடை வைஃபை பெயர் தெரிந்தால் என்ன குடி முழுகிவிடும்?" என்று நாங்களும் கேட்டோம். பெயரில் ஒன்றுமில்லை. அந்த 12 இலக்க எண்ணில்தான் இருக்கிறது. எந்த எண் உள்ள ரவுட்டர் எந்த ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறது என்று பெரிய நிறுவனங்கள் கணக்கெடுத்து வைத்திருக்கின்றன. நான்கைந்து எண்களையும் அவற்றின் சிக்னல் அளவையும் அனுப்பினால், கம்ப்யூட்டர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சில பத்து மீட்டர் கணக்கில் சொல்லிவிடலாம். செயற்கைக்கோள் கருவி எதுவும் வேண்டாம். ஆக, பட்டியலைக் கொடுப்பதும் முகவரியைக் கொடுப்பதும் ஒன்றே.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. இந்தியாவில் தொடங்கப்பட்ட விளம்பர நிறுவனமான இன்மொபி மீது அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் இதே காரணத்துக்காக நடவடிக்கை எடுத்தது. இருப்பிடம் அறிய அனுமதித்தவர்களின் கைப்பேசிகளிலிருந்து எந்த ரவுட்டர் எங்கே உள்ளது என்று கணக்கு எடுத்து, அதைக் கொண்டு, அனுமதி மறுத்தவர்களின் இருப்பிடத்தையும் கண்டுபிடித்து விளம்பரம் அனுப்பியதாகக் குற்றச்சாட்டு. 2016 ஜூனில் அந்த நிறுவனம் 9,50,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இதனால்தான் பலகையை உள்ளே மாற்றும் வேலை நடக்கிறது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-லிருந்து, இருப்பிட அனுமதி இருந்தால்தான் ஆப்களுக்கு வைஃபை பட்டியல் கிடைக்கும். விண்டோஸ் 11-இல் 2024-ஆம் ஆண்டின் 24எச்2 பதிப்பிலிருந்து இதே விதி வந்துவிட்டது. 2025 தொடக்கத்தில் எங்கள் பில் மேஜையிலும் "இருப்பிடம் அறிய அனுமதிக்கலாமா?" என்று ஓர் அறிவிப்பு வந்தது. பிரிண்டர் புரோகிராமுக்கு நம் இருப்பிடம் எதற்கு என்று விழித்தோம். அது கேட்டது வைஃபை பட்டியலை. விண்டோஸ் அதைச் சரியான பெயர் சொல்லி நம்மிடம் அனுமதி கேட்டது. "இல்லை" என்று அழுத்தினோம். வைஃபை வழக்கம்போல் இணைந்தது. பிரிண்டரும் கம்பி வழியாக அச்சடித்தது.

உறுப்பினர்கள் செய்யத்தக்கவை

1. பில் போடும் கம்ப்யூட்டருக்குக் கூடுமானவரை கம்பி இணைப்பே கொடுங்கள். எங்களைப் போல் தெருவைத் தாண்ட வேண்டியவர்களுக்கு மட்டும் வைஃபை.

2. சிக்னல் மீட்டர் போன்றவற்றை ரிப்பேர் செய்பவர் போட்டால், வேலை முடிந்ததும் அவரையே எடுக்கச் சொல்லுங்கள். பணம் கொடுக்குமுன் சொல்லுங்கள்.

3. புதிய சாஃப்ட்வேர் வாங்கும்போது, "இது தானாக ஸ்கேன் செய்யுமா, விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியலை வாங்கிக்கொள்ளுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டால் எழுதியவரிடம் கேட்டுச் சொல்லட்டும்.

4. விண்டோஸ் செட்டிங்ஸில் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" பகுதிக்குள் "லொக்கேஷன்" என்று இருக்கிறது. எந்தெந்தப் புரோகிராம் இருப்பிடம் கேட்டது என்பதை அங்கே பார்க்கலாம். தேவையற்றவற்றை நிறுத்திவிடலாம். வசூலுக்கும் ஆர்டருக்கும் போகும் நம் பையன்களின் கைப்பேசிகளையும் இப்படிப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. கிடங்கு ரவுட்டருக்குக் கடைப் பெயரையே வைக்காதீர்கள். கூகுள் தன் இருப்பிடக் கணக்கில் நம் ரவுட்டரைச் சேர்க்கக் கூடாது என்றால், ரவுட்டர் பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடும் அதையடுத்து "நோமேப்" என்பதை ஐந்து ஆங்கில எழுத்துக்களிலும் சேர்க்கலாம். 2011-இல் கூகுளே அறிவித்த வழி இது.

6. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் முதலில் கம்ப்யூட்டரைப் பாருங்கள். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரைப் பிறகு பார்க்கலாம். இந்த ஒன்றை நாங்கள் முதலிலேயே செய்திருந்தால், எட்டு வருட ஊழியரிடம் நாலு பேர் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க மாட்டோம்.

உறுப்பினர்கள் கடைகளில் இதுபோன்ற அனுபவம் ஏதும் இருந்தால் சங்கக் கூட்டத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். ஒரு கடை கண்டறிந்தது மற்ற கடைகளுக்கும் பயன்படட்டும்.