ஆண்களுக்கு மட்டும் என்று திறந்த தஞ்சோங் மாலிம் கல்லூரிக்குள் பெண்கள் வந்தது எப்போது?

தமிழ்ப்பள்ளியில் படித்தவரா நீங்கள்? உங்களுக்குப் பாடம் நடத்திய டீச்சர் எங்கே பட்டம் வாங்கினார் என்று கேட்டுப் பாருங்கள். ‘உப்சி’ என்ற பதில் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

பேராக்கின் தென்கோடியில், தஞ்சோங் மாலிமில் இருக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்தான் அது. முழுப் பெயரைச் சொன்னால் நம்மில் பாதிப் பேருக்குப் புரியாது. இன்று அங்கே படிப்பவர்களில் பெண்களே பெரும்பான்மை. ஆனால் 1922 நவம்பர் 29-ஆம் தேதி அது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் திறக்கப்பட்டபோது, மலாய்ப் பள்ளிகளுக்கு ஆண் ஆசிரியர்களை உருவாக்குவதுதான் நோக்கம். பெண்களுக்கு இடமே இல்லை.

மலாய்ப் பெண்களுக்கு என்று ஒரு பயிற்சிக் கல்லூரி மலாக்காவில் 1935-இல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1929-இல், ஜொகூரில் இபு ஜைன் மலாய் ஆசிரியைகளுக்காகச் சங்கம் தொடங்கிவிட்டார். கல்லூரி வரும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை!

தஞ்சோங் மாலிம் கல்லூரிக்குள் பெண் பயிற்சியாளர்கள் வந்தது 1970-களின் நடுவில். ஏறக்குறைய அரை நூற்றாண்டுத் தாமதம். 1997 மே மாதம் அது பல்கலைக்கழகமானது. பின்னர் பேராசிரியர் அமினா அயோப் என்ற பெண்மணி அதன் துணைவேந்தர் நாற்காலியிலும் அமர்ந்தார்.

பட்டம் ஒன்று, சம்பளம் வேறு

படித்து வேலைக்குப் போனதும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. ஒரே தகுதி, ஒரே வேலை. ஆனாலும் ஆசிரியைக்குச் சம்பளம் குறைவு. கல்யாணம் ஆகிவிட்டால் இன்னும் மோசம். நிரந்தர வேலை போய் மாதாமாத ஒப்பந்தம், ஓய்வூதியமும் கிடையாது.

இதை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் ராசம்மா பூபாலன். 1927-இல் பிறந்த தமிழ்ப் பெண். பதின்ம வயதிலேயே நேதாஜியின் ஜான்சி ராணி படையில் சேர்ந்து பர்மா வரை போனவர். போருக்குப் பிறகு, அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தார். 1960-இல் ஆசிரியைகள் சங்கத்தின் முதல் தலைவரானார். மனு, பேச்சுவார்த்தை, மறுபடியும் மனு என்று வருடக்கணக்கில் இழுத்தது. அரசாங்க வேலையில் சமச் சம்பளம் என்ற கொள்கை 1969-இல்தான் ஏற்கப்பட்டது. இன்று அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் சம்பளச் சீட்டைப் பார்த்தால் இந்தக் கதை தெரியாது.

தோட்டத்துப் பெண்கள் எங்கே?

ராசம்மா நகரத்து ஆங்கிலப் பள்ளி வழியாக வந்தவர். ரப்பர் தோட்டத்து லயத்தில் நிலைமை வேறு. 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி என்றால் பெரும்பாலும் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார். விடியுமுன் அம்மா பிரட்டுக்குப் போய்விடுவார். ஆயாக் கொட்டகை இருந்தாலும், வீட்டு வேலையும் தம்பி தங்கையும் மூத்த மகள் தலையில். பள்ளியை முதலில் விட்டதும் அவள்தான்.

ஆனாலும் பல்கலைக்கழகத்துக்கும் தோட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக, ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் திரட்டினார். தோட்டத் தொழிலாளர்களும் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். பால்மரம் வெட்டியவர்களில் பெண்கள் கணிசம். அப்படியானால், உள்ளே காலெடுத்து வைக்காத இடத்துக்கு அவர்களும் காசு கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் உருவானது.

இப்போது என்ன நிலவரம்?

நாட்டின் பொதுப் பல்கலைக்கழகங்களில் பத்து மாணவர்களில் சுமார் ஆறு பேர் பெண்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வருபவர்களுக்குப் பாதை கொஞ்சம் நீளம்தான். பலருக்குப் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாகப் போகும், பிறகு எஸ்.பி.எம்., அதன்பின் எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன். மெட்ரிகுலேஷனில் இந்திய மாணவர்களுக்கு 2012-இல் 1,500 இடங்களும், 2018-இல் 2,200 இடங்களும் அறிவிக்கப்பட்டன.

பட்டம் வாங்கிய பிறகு கணக்கு மாறுகிறது. வேலைச் சந்தையில் ஆண்களின் பங்கேற்பு 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பெண்களுடையது சுமார் 56 விழுக்காடு. வேலையை விடும் பெண்கள் சொல்லும் காரணங்களில் வீட்டுப் பொறுப்பும் பிள்ளை பராமரிப்பும் முதல் வரிசையில் வருகின்றன. தோட்டத்தில் பால் வெட்டப் போன பாட்டிக்கு ஆயாக் கொட்டகையாவது இருந்தது. ஈப்போவில் ஆபீஸ் வேலைக்குப் போகும் பேத்தி, பிள்ளையை விட இடம் தேடி நர்சரி நர்சரியாக ஏறி இறங்குகிறாள்.