நீர்மட்டம் பார்த்து அறை எடுங்கள்

செம்பரம்பாக்கம் ஏரியில் இன்றைக்கு எத்தனை அடி என்று பார்ப்பது, 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கத்துக்காரர்களுக்குப் பழகிப்போன காரியம். 24 அடியை நெருங்கிவிட்டால் தூக்கம் வராது. அந்தப் பழக்கம் இன்னோர் இடத்திலும் கைகொடுக்கும். லீவுக்குத் தேக்கடி ஏரிக்கரையில் இரண்டு நாள் தங்கலாம் என்று நினைப்பவர்கள், அறைக்குப் பணம் கட்டும் முன் முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துவிடுவது நல்லது. யானை கண்ணில் படுமா, படாதா என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

தேக்கடி ஏரி மனிதர் உண்டாக்கியது. ஜான் பென்னிகுவிக் கட்டிய அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. பெரியாற்றின் பள்ளத்தாக்கு காட்டோடு சேர்ந்து முழுகியது. நம் ஊர் ஏரிகள் ஒரு பக்கம் கரை கட்டி, சமவெளியில் நீரைப் பரப்பி வைத்திருப்பவை. இங்கே ஓடைகள் வந்து சேர்ந்த ஒவ்வொரு மலைமடிப்புக்குள்ளும் நீர் ஏறி நிற்கிறது. நடுவே இருந்த மேடுகள் தீவாகவும், ஏரிக்குள் நீளும் முனையாகவும் மாறிவிட்டன. அப்படி ஒரு மேட்டின்மேல், இடப்பாளையத்தில் இருக்கிறது திருவிதாங்கூர் மகாராஜாவின் கோடை மாளிகை. கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அதை 'லேக் பேலஸ்' என்ற விடுதியாக நடத்துகிறது. புலிகள் காப்பகத்துக்கு உள்ளே, படகில் போய் இறங்க வேண்டிய இடம். அறைகள் ஆறுதான், அதனால் முன்பதிவுக்கு முந்திக்கொள்ள வேண்டும்.

படகு கிளம்பியதும் முதலில் கண்ணில் படுவது, நீருக்குள்ளிருந்து குத்திட்டு நிற்கும் கறுத்த மரக்கட்டைகள். அன்று முழுகிய காட்டின் மிச்சம். 125 வருஷத்துக்கு மேல் தண்ணீரில் நின்றும் இவை ஏன் மட்கவில்லை? மரத்தை மட்க வைப்பவை பெரும்பாலும் பூஞ்சைகள். அவற்றுக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். நீருக்கு அடியில் ஈரத்துக்குக் குறைவில்லை, ஆக்சிஜன் போதாது. மேலே நீட்டியிருக்கும் பகுதிக்குக் காற்று உண்டு, வெயிலில் ஈரம் நிற்காது. மரம் சீக்கிரம் இற்றுப்போவது இரண்டுக்கும் நடுவே, நீர் ஏறி இறங்கும் பகுதியில். கட்டையின் உச்சியில் நீர்க்காகமோ பாம்புத்தாராவோ சிறகை விரித்தபடி உட்கார்ந்திருக்கும். அவற்றின் இறகுகள் வாத்தின் இறகைப் போல நீரை முழுக்கத் தள்ளிவிடுவதில்லை, கொஞ்சம் நனைகின்றன. நனைந்தால் உடம்பு மிதக்காமல் எளிதாக முங்கலாம், மீனைத் துரத்தலாம். அதற்குக் கொடுக்கும் விலைதான் வெளியே வந்து சிறகைக் காயப்போடும் அந்த நேரம்.

இனி அடிக்கணக்கு. அணையின் முழுக் கொள்ளளவு 152 அடி. உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்புப்படி இப்போது 142 அடி வரை தேக்கலாம். கீழே 104 அடி என்று ஓர் எல்லை உண்டு. நீர் அதற்குக் கீழே போனால் தேக்கடிச் சுரங்கப்பாதை வழியாகத் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் வராது. எனவே கோடையிலும் ஏரியில் நீர் நிற்கும். மட்டம் இறங்க இறங்க, மாதக்கணக்கில் முழுகிக் கிடந்த சரிவுகள் வெளியே வரும். வண்டல் படிந்த அந்த ஈர மண்ணில் இளம்புல் முளைக்கும். அதே சமயம் காட்டுக்குள் ஓடைகள் வற்றி, மேலே இருக்கும் புல் முற்றிக் காய்ந்திருக்கும். தண்ணீரும் தளிர்ப்புல்லும் ஒரே இடத்தில் கிடைப்பதால் யானைக்கூட்டமும் காட்டுமாடும் கடமானும் ஏரிக்கரைக்கு இறங்கிவிடும். மழை தொடங்கிவிட்டாலோ, காட்டில் எங்கே திரும்பினாலும் தண்ணீர். கரைக்கு வர அவற்றுக்கு அவசியமில்லை.

ஆகவே விலங்கு பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு மார்ச் முதல் மே வரை என்பேன். பிள்ளைகளின் முழுப்பரீட்சை லீவும் அதில் வந்துவிடும். காட்டுத்தீ அபாயம் இருந்தால் வனத்துறை காட்டுநடையை நிறுத்தி வைப்பதும் உண்டு. போன் போட்டுக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஊட்டிக் குளிரை எதிர்பார்க்க வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. தேக்கடி ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி என்றால் ஏரி நிறைந்திருக்கும், விடியற்காலையில் நீர்மேல் பனிமூட்டம் எழும். இரவில் குளிர்ந்த காற்று கனத்து, மலைச்சரிவு வழியாக ஏரிக்கு இறங்குகிறது. நீர் அத்தனை சீக்கிரம் சூட்டை விடுவதில்லை. வெதுவெதுப்பான நீரிலிருந்து எழும் ஆவி அந்தக் குளிர்காற்றில் பட்டு நுண்துளிகளாகிறது. வெயில் ஏறியதும் கலைந்துவிடும். அதைப் பார்க்க ஏரிக்குள்ளேயே தங்கியிருப்பது வசதி.

பூந்தமல்லி, ஆவடியிலிருந்து வெளிவட்டச் சாலையைப் பிடித்துக் கிளாம்பாக்கம் போனால் குமுளிக்குப் பஸ் இருக்கிறது. தேனி, கம்பம், கூடலூர் தாண்டி லோயர் கேம்ப்பிலிருந்து மலை ஏறும்போது, சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைக் கவனியுங்கள். மேற்கே அரபிக்கடலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர், மலையைக் குடைந்து கிழக்கே வந்து, மின்சாரம் கொடுத்துவிட்டு வைகைக்குப் போகிறது. நீங்கள் பார்த்த அதே அடிக்கணக்கைப் பார்த்துத்தான் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் ஜூனில் முதல்போக நெல்லுக்கு நாற்றங்கால் போடலாமா என்று முடிவு செய்கிறார்கள்.

ஒரு பகலை மூங்கில் தெப்பப் பயணத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். ஒரு காலத்தில் இந்தக் காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தவர்களும் வேட்டையாடியவர்களும் 1990-களின் பிற்பகுதியில் வனத்துறையோடு சேர்ந்து, காவலுக்கும் வழிகாட்டவும் வந்தார்கள். எந்தக் கரையில் புல் தளிர்த்திருக்கிறது, நேற்று கூட்டம் எங்கே இறங்கியது என்றெல்லாம் தெப்பத்தில் உடன் வரும் வழிகாட்டிகளிடம் கேளுங்கள்.