ஊசியா, கத்தியா? பஸ்தான் முடிவு செய்கிறது

பால் கொடுக்கும் தாய்க்கு மார்பில் ஒரு பக்கம் சிவந்து கல்லாகிறது, கூடவே குளிர்காய்ச்சல். "பால் கட்டிக்கிச்சு" என்று பாட்டி சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்து அமுக்கிப் பிழிகிறார். அப்படி அமுக்கினால் வீக்கம் கூடத்தான் செய்யும். ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால் ஆன்டிபயோட்டிக் தொடங்க வேண்டும். அதையும் தள்ளிப்போட்டால் உள்ளே சீழ் கோத்துக்கொள்ளும்.

சீழ் கோத்தபின் மாத்திரை மட்டும் போதாது. முன்பெல்லாம் மயக்க மருந்து கொடுத்துக் கீறி, நாள்தோறும் மருந்து கட்டுவார்கள். ஊசியால் திரும்பத் திரும்ப இழுத்தே ஆற்றலாம் என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் 1988இலேயே எழுதிவிட்டார்கள். இன்று ஸ்கேன் பார்த்து, அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்து, ஊசியால் சீழை எடுப்பதே முதல் வழி. பெரிய தழும்பு விழாது. பிள்ளைக்குப் பாலும் கொடுக்கலாம். தோல் மெலிந்து கருத்துவிட்டாலோ, கட்டி மிகப் பெரிதானாலோ கத்திதான் என்பார்கள் சத்திரசிகிச்சை நிபுணர்கள். அது சரிதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சீழ் வற்றும்வரை இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை ஊசிக்குப் போக வேண்டும். கண்டி டவுனில் இருப்பவருக்கு அது பெரிய காரியமில்லை. தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மேல் டிவிஷன் லயத்தில் இருப்பவர், கைப்பிள்ளையோடு றோட்டுக்கு இறங்கி, கலஹா வழியாகப் பேராதனை ஆஸ்பத்திரிக்கு பஸ் பிடிக்க வேண்டும். துணைக்குப் போகிறவருக்கு அன்றைய பேர் விழாது, சம்பளமும் இல்லை. ஒரு தடவை போனவர் வலி குறைந்ததும் அடுத்த தடவையை விட்டுவிடுகிறார். சீழ் மறுபடி சேர்கிறது, கடைசியில் கத்தி. "பாலை நிறுத்து, பால்மா கரைத்துக் கொடு" என்று பக்கத்து லயத்தில் சொல்வதைக் கேட்டு நிறுத்தினால், தேங்கும் பால் இன்னும் கெடுதல் செய்யும்.

பால் தேங்காமல் பார்ப்பதற்கு இலங்கையில் சட்டம் இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் சட்டம், பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளை தருகிறது: பிள்ளை மடுவம் (பிள்ளைக் காப்பகம்) இருந்தால் அரை மணிநேரம் வீதம், இல்லாவிட்டால் ஒரு மணிநேரம் வீதம். மலை உச்சியில் கொழுந்து எடுப்பவர் மடுவத்துக்கு இறங்கி ஏறவே அந்த அரை மணி போய்விடும். நடக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காத இடைவேளையால் யாருக்கு என்ன பயன்?

அந்தக் கணக்கைத் தோட்டங்கள் திருத்தட்டும். சீழ் எடுக்கும் வசதி தோட்டத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் வரட்டும். அதுவரை, வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடம் வெட்கப்படாமல் முதல்நாள் காய்ச்சலையே சொல்லிவிடுங்கள். தேவைப்படும்போது தள்ளிப்போடாமல் மருந்து தொடங்கினால் பெரும்பாலும் சீழ் வைக்காமலே ஆறிவிடும்.