குளிர்சாதனப் பெட்டியும் உதிரிப் பாகங்களும்

நம் செமிலிங் வட்டாரத்தில் குளிர்சாதனப் பெட்டி இன்று ஆடம்பரப் பொருள் அன்று. விடியுமுன் வேலைக்குப் புறப்படும் பெற்றோர் முதல் நாளே வாங்கி வைத்த மீனும் காய்கறியும், நீரிழிவு நோயாளரின் இன்சுலின் மருந்தும் அதனுள்தான் உள்ளன. அப்பெட்டி குளிர்ச்சி தராமற்போனால், தவணையில் புதிது வாங்க விரைகிறோம். அதற்குமுன், பழுதானது பெட்டியா, அதன் சிறு பாகமா என்று ஆராய்தல் நன்று.

குளிர்சாதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை; உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. பின்புறத்தின் அடியிலுள்ள ‘கம்ப்ரசர்’ ஒருவகை வாயுவைக் குழாய்களில் சுற்றி வரச் செய்கிறது. உள்ளே நீர்மம் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்கிறது. வெளியே மீண்டும் நீர்மமாகும்போது அதனை விடுகிறது. கம்ப்ரசர் கெட்டால் செலவு மிகுதி. ஆயினும் குளிர்ச்சி குன்றுவதற்கெல்லாம் அதுவே காரணம் அன்று.

முதலாவது, கதவு ரப்பர். ரப்பர் என்று நாம் அழைத்தாலும், இன்று பெரும்பாலும் அது காந்தப் பட்டை பொதிந்த பிளாஸ்டிக்கே ஆகும். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தாள் எளிதில் வந்துவிட்டால், அவ்விடத்தில் வெளிக்காற்று உட்புகுகிறது என்று அறியலாம். அழுக்கைத் துடைத்தும் பிடிப்பு ஏற்படாவிடில் புதிய ரப்பர் தேவை.

இரண்டாவது, ‘ரிலே’. சில நிமிடங்களுக்கொரு முறை ‘டக்’ என்ற ஒலி எழுந்து, கம்ப்ரசர் ஓடாமல் நின்றால், அதனை இயக்கிவிடும் இச்சிறு பாகம் கெட்டிருக்கலாம். மூன்றாவது, ‘தெர்மோஸ்டாட்’. இது கெட்டால் கம்ப்ரசர் ஓடாமலே இருக்கும். அல்லது ஓய்வின்றி ஓடும். நான்காவது, பனி உறையாத வகைப் பெட்டிகளிலுள்ள பனி நீக்கும் சூடேற்றியும் அதன் நேரக் கருவியும். இவை பழுதுபட்டால் பனி மண்டிக் காற்றோட்டத்தை அடைத்துவிடும். மேலறை குளிர்ந்திருக்கக் கீழறை குளிராது.

பாகம் வாங்கப் பீடோங்கிற்கோ சுங்கை பட்டாணிக்கோ செல்வோர், பெட்டியின் உட்சுவரிலோ பின்புறத்திலோ ஒட்டியுள்ள தகட்டிலிருந்து மாடல் எண்ணைக் குறித்துச் செல்லுதல் வேண்டும். நிறுவனம் ஒன்றாயினும் மாடல் வேறாயின் பாகம் பொருந்தாமற்போகலாம்.

கதவு ரப்பரை நாமே மாற்றலாம். மின்பாகங்களைப் பயிற்சி பெற்றவரே மாற்றுதல் வேண்டும். வாயுக் குழாயையோ எவரும் வீட்டில் தொடலாகாது. பழைய பெட்டிகளிலிருந்த ஆர்-12 வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின்வழி விலக்கப்பட்டது. இன்றைய பெட்டிகள் பலவற்றிலுள்ள ஆர்-600ஏ எளிதில் தீப்பற்றக்கூடியது. உறைந்த பனியைக் கத்தியால் குத்திப் பெயர்ப்பது இக்குழாயைத் துளைத்துவிடும்.

‘பாகம் கிடைக்காது, புதிது வாங்குங்கள்’ என்று கடைக்காரர் கூறினால் என் செய்வது? மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு நமக்குத் துணை நிற்கிறது. பொருளை விற்ற பின்னரும், நியாயமான காலம் வரை, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் கிடைக்க உற்பத்தியாளரும் விற்பனையாளரும் ஆவன செய்தல் வேண்டும் என்கிறது அது. கிடைக்காது என்பதை விற்கும்போதே அறிவித்திருந்தால் மட்டும் நிலை வேறு. வழக்கறிஞர் இன்றியே பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் நாம் முறையிடலாம். ஐரோப்பிய ஒன்றியமோ ஆண்டுக் கணக்கையே வரையறுத்துள்ளது: 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பின்னும் கதவு ரப்பர் 10 ஆண்டுகளுக்கும், தெர்மோஸ்டாட் 7 ஆண்டுகளுக்கும் கிடைத்தல் வேண்டும்.

முறையிடுவதற்கு இரசீது சான்றாகும். ஆகவே பெற்றோரே, இரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாணவச் செல்வங்களே, இன்றே உங்கள் வீட்டுப் பெட்டியின் மாடல் எண்ணை ஒரு தாளில் எழுதி அந்த இரசீதுடன் இணைத்து வையுங்கள். ஒரு சிறு பாகத்திற்காகப் பல மாதத் தவணைச் சுமை ஏறாதிருக்க அது உதவும்.